எரிக் வெடில்: ஒரு மூத்த சேஃப்டியை எப்படி எடை போடுவது?

ஒரே ஆட்டக்காரரைப் பற்றி இரண்டு தடவை தப்பாக எழுதி வைத்திருக்கிறேன். முதல் தடவை 2019 மார்ச்சில். பால்டிமோர் ரேவன்ஸ் அணி எரிக் வெடிலை விடுவித்துவிட்டு ஏர்ல் தாமஸை எடுத்த சமயம். "34 வயது, போன சீசனில் ஒரு இன்டர்செப்ஷன்கூட இல்லை, சரியான முடிவு" என்று நாலு வரியில் முடித்துவிட்டேன். இரண்டாவது தடவை 2022 பிப்ரவரியில். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் வீட்டில் இருந்த அதே வெடில், 37 வயதில் திரும்பி வந்து சூப்பர் பவுல் ஜெயித்துவிட்டார். உடனே "அனுபவம் வேகத்தை வென்றது" என்று பக்கம் பக்கமாக எழுதினேன்.

அந்த இரண்டாவது குறிப்பைப் படித்துவிட்டு, என்னோடு வேலை பார்க்கிற இருபத்தேழு வயசுப் பையன் கேட்டான்: "அண்ணா, இது வெடிலப் பத்தி எழுதினதா, உங்களப் பத்தி எழுதினதா?"

சிரித்துக்கொண்டே கேட்டான், ஆனால் உறைத்தது. நாற்பதைத் தாண்டின எஞ்சினியருக்கு "அனுபவம் வென்றது" என்கிற கதை ரொம்பப் பிடிக்கும். பிடித்துப்போகிற கதையைச் சரிபார்க்காமல் விடுவதும் சுலபம். அதனால் பழைய ஆட்டங்களை மறுபடி போட்டுப் பார்த்தேன். டி.வி. ஒளிபரப்பில் அல்ல, 22 பேரும் தெரிகிற மேல்கோணப் பதிவில். டி.வி. கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். சேஃப்டி பெரும்பாலும் திரைக்கு வெளியேதான் நிற்பார். அவரை எடைபோட அந்தப் பதிவு இல்லாமல் வழியே இல்லை. இந்தக் கட்டுரை அதில் கண்டதின் தொகுப்பு.

முதலில், சேஃப்டி என்றால் யார்?

அமெரிக்கன் ஃபுட்பாலில் தற்காப்பு அணியின் கடைசி வரிசையில் நிற்கிறவர் சேஃப்டி. பொதுவாக இரண்டு பேர். கிரிக்கெட்டில் பவுண்டரிக் கோட்டருகே நிற்கும் ஃபீல்டர் மாதிரி, அவரைத் தாண்டினால் பின்னால் ஆள் கிடையாது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அவர் எங்கே நிற்கிறார் என்பதையே எதிரணி படித்துக்கொண்டிருக்கும். குவார்ட்டர்பேக் பந்தை வாங்குவதற்கு முன் பார்க்கிற முதல் விஷயங்களில் ஒன்று, பின்னால் ஆழத்தில் நிற்பது ஒருவரா, இரண்டு பேரா என்பதுதான். ஒருவர் என்றால் ஒரு வகைத் தற்காப்பு, இரண்டு பேர் என்றால் வேறு வகை. அதை வைத்தே எங்கே எறிவது என்று பாதி முடிவெடுத்துவிடுவார்.

ஆக சேஃப்டிக்கு வேலை இரண்டு. பந்து நகர்ந்த பிறகு ஓடிப்போய்த் தடுப்பது ஒன்று. பந்து நகர்வதற்கு முன் எதிராளியின் கண்ணில் மண்ணைத் தூவுவது இன்னொன்று. வெடிலின் பெயர் நிற்பது இந்த இரண்டாவது வேலையில்தான்.

எண்கள் எங்கே ஏமாற்றுகின்றன

2007 டிராஃப்டில் 37-ஆவது தேர்வாக சான் டியேகோ சார்ஜர்ஸ் அவரை எடுத்தது. 2015 வரை அங்கே. 2016 முதல் 2018 வரை பால்டிமோர். 2019-ல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ். மொத்தம் 29 இன்டர்செப்ஷன், ஆறு முறை ப்ரோ பவுல், 2011-லும் 2014-லும் ஆல்-ப்ரோ முதல் அணி.

இப்போது இன்டர்செப்ஷனை வருஷ வாரியாகப் பாருங்கள். 2011-ல் 7, அந்த வருஷம் லீகிலேயே அதிகபட்சம் அதுதான். 2012-ல் 3, 2013-ல் 2, 2014-ல் 1, 2015-ல் பூஜ்யம். சரி, சரிந்துவிட்டார் என்று நினைத்தால் 2016-ல் 4, 2017-ல் 6. பிறகு 2018-ல் பூஜ்யம், 2019-ல் பூஜ்யம்.

இந்த வரிசையைக் கிராஃபாகப் போட்டால் யாராலும் போக்கு சொல்ல முடியாது. லீகின் மிகச் சிறந்த சேஃப்டிகளில் ஒருவர் என்று தேர்வான 2014-ல் ஒரே ஒரு இன்டர்செப்ஷன். இன்டர்செப்ஷன் எதிராளி எறிந்தால்தான் வரும். நல்ல சேஃப்டி இருக்கிற பக்கம் எறியவே மாட்டார்கள். எறிந்தாலும் பந்து விரலில் பட்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்பதில் அதிர்ஷ்டம் நிறைய. 2018-ன் பூஜ்யத்தை வைத்து நான் தீர்ப்புச் சொன்னது அரைகுறை வேலை. அந்த வருஷம் லீகிலேயே மிகக் குறைந்த கெஜங்களை விட்டுக்கொடுத்த தற்காப்பு ரேவன்ஸுடையது. அதன் பின்வரிசையை ஒழுங்குபடுத்தி நிறுத்தியவர் வெடில்.

ஆனால் இதையே எதிர்ப்பக்கம் இழுத்து, "பார்த்தீங்களா, எண் பொய், ஆள் மெய்" என்று சொல்வதும் சரியில்லை. குறைந்த கெஜம் என்பது பதினோரு பேரின் கணக்கு. ப்ரோ பவுல் தேர்வில் பெயருக்கும் புகழுக்கும் ஓட்டு விழும். அதே ரேவன்ஸ் 2017-ல் என்ன ஆனது? வெடிலுக்கு 6 இன்டர்செப்ஷன், அருமையான சீசன். கடைசி ஆட்டத்தில் ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக இருக்கும்போது, சின்சினாட்டி பெங்கால்ஸுக்கு நாலாவதும் கடைசியுமான முயற்சி, தேவை 12 கெஜம். ஆண்டி டால்டன் எறிந்த பந்தை வாங்கி டைலர் பாய்டு 49 கெஜ டச்டவுன் அடித்தார். ரேவன்ஸ் பிளே-ஆஃபுக்குள்ளேயே போகவில்லை. அது ஒருவர் செய்த தப்பு இல்லை. ஆனாலும் பின்வரிசை ஒழுங்காக நின்ற நாளின் பெயரை வெடிலுக்குக் கொடுத்தால், அது உடைந்த நாளிலும் ஒரு பங்கை அவர் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

பலம்

முதல் பலம், வேஷம். ஸ்னாப்புக்கு முந்தின மூன்று நொடியை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். இரண்டு சேஃப்டியும் ஆழத்தில் நிற்பது போலக் காட்டுவார். பந்து நகர்ந்ததும் ஒருவர் மேலே வந்து நடுப்பகுதியில் திருடக் காத்திருப்பார். சில சமயம் நேர் எதிர். தாக்க வருகிறவர் மாதிரி முன்வரிசைக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டு, பந்து நகரும்போது திரும்பிப் பின்னால் ஓடுவார். குவார்ட்டர்பேக் பார்த்தது ஒன்று, நடப்பது ஒன்று. அந்த அரை நொடித் தயக்கத்தில் முன்வரிசை ஆட்கள் குவார்ட்டர்பேக்கை நெருங்கிவிடுவார்கள். அந்த சாக் வேறொருவர் கணக்கில் ஏறும். வெடில் பெயரில் எதுவும் ஏறாது.

இரண்டாவது, பேச்சு. எதிரணி ஆட்களை இடம் மாற்றும் ஒவ்வொரு தடவையும் தற்காப்பும் மாறியாக வேண்டும். யார் யாரை எடுத்துக்கொள்வது என்று யாராவது கத்திச் சொல்ல வேண்டும். பதிவில் சத்தம் கேட்காது, ஆனால் கை தெரியும். வெடிலின் கை ஓயவே ஓயாது. கார்னர்பேக்கைக் கூப்பிடுவார், லைன்பேக்கரைத் தள்ளி நிற்கச் சொல்வார்.

மூன்றாவது, கோணம். ஓடுகிறவனைத் துரத்த மாட்டார், அவன் வரப்போகிற இடத்துக்குப் போவார். பெரிய உடம்பு இல்லை. ஆறடிக்கு ஓர் அங்குலம் கம்மி. அந்த உடம்போடு 2016-லிருந்து 2019 வரை வழக்கமான சீசனில் ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை. முப்பதைத் தாண்டின சேஃப்டிக்கு அதுவே ஒரு திறமைதான்.

துணிச்சலையும் சொல்லியாக வேண்டும். 2013 சீசனின் கடைசி ஆட்டம், கன்சாஸ் சிட்டிக்கு எதிராக, ஓவர்டைமில். சார்ஜர்ஸ் பந்தை உதைத்துத் தரவேண்டிய நாலாவது முயற்சி. நிற்பதோ சொந்தப் பகுதியில். உதைக்கிறவருக்குக் காவலாக நின்ற வெடில், எதிரணி நிற்கிற தினுசைப் பார்த்து, பந்தைத் தானே வாங்கிக்கொண்டு ஓடினார். தேவையான கெஜம் மயிரிழையில் கிடைத்தது. 27–24 என்று ஜெயித்து பிளே-ஆஃபுக்குப் போனார்கள். நடுவரின் முடிவு பற்றி இன்னும் சண்டை நடக்கிறது. பிசகியிருந்தால் எதிராளி கையில் கோல்கம்பத்துக்குப் பக்கத்திலேயே பந்து.

பலவீனம்

வீச்சு. இதை எண்ணாகவே சொல்லலாம். மைதானத்தின் அகலம் 53⅓ கெஜம். ஆழத்தில் ஒரே ஒரு சேஃப்டி நின்றால், நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கக் கோட்டுக்கும் 26⅔ கெஜம். அதே இடத்தில் இரண்டு பேர் பாதிப்பாதியாகப் பங்கு போட்டால், அவரவர் பாதியின் நடுவிலிருந்து விளிம்புக்கு 13⅓ கெஜம். சரிபாதி. சியாட்டலில் ஏர்ல் தாமஸ் வருஷக்கணக்கில் தனியாளாக அந்தப் பெரிய பரப்பைக் காத்தார். வெடில் இளமையிலேயே அந்த வகை ஓட்டக்காரர் இல்லை. அவர் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததெல்லாம் சீக்கிரம் கிளம்பியதால்தான்.

இரண்டாவது, கண்ணால் ஜெயிக்கிறவருக்கு உள்ள ஆபத்து. 2012 நவம்பரில் பால்டிமோர் சான் டியேகோவுக்கு வந்தது; வெடில் அப்போது சார்ஜர்ஸில். ரேவன்ஸுக்கு நாலாவது முயற்சி, தேவை 29 கெஜம். யாரும் பிழைக்காத நிலைமை. ஜோ ஃபிளாக்கோ பக்கத்தில் நின்ற ரே ரைஸுக்குச் சும்மா தட்டிவிட்டார். ரைஸ் மைதானத்தைக் குறுக்கே வெட்டி ஓடினார். வெடில் சரியான கோணத்தில், முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தார், கண் ரைஸ் மேலே. பக்கத்திலிருந்து அன்குவான் போல்டின் வந்து ஒரே மோதலில் அவரைச் சாய்த்தார். ரைஸ் முதல் டவுனை எட்டினார். ரேவன்ஸ் ஓவர்டைமில் 16–13 என்று ஜெயித்தது. அந்த சீசனின் சூப்பர் பவுலும் அவர்களுக்குத்தான். ஒரு காட்சியை வைத்து ஓர் ஆளின் குணத்தைத் தீர்மானிக்கக் கூடாது, தெரியும். ஆனால் பந்து போகிற இடத்தை முதலில் கண்டுபிடிக்கிறவர், அதையே பார்த்துக்கொண்டு போகும்போது பக்கத்தில் வருவதைத் தவறவிடலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

நான் தப்பு செய்த இடம்

இதுவரை சொன்னது எல்லோரும் சொல்வதுதான்: மூளை பலம், கால் பலவீனம். என் இரண்டு குறிப்புகளும் இந்தப் பட்டியலிலிருந்து பிறந்தவை. 2019-ல் காலுக்கு மார்க் போட்டேன், 2022-ல் மூளைக்கு மார்க் போட்டேன். இரண்டையும் தனித்தனி கணக்கு என்று நினைத்ததுதான் கோளாறு.

அந்த வேஷத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்வரிசைக்குப் பக்கத்தில் நின்று தாக்க வருகிற மாதிரி நடிக்கிறார். உண்மையில் போக வேண்டிய இடம் 10, 12 கெஜம் பின்னால். குவார்ட்டர்பேக் பந்தை எறிய எடுக்கிற நேரம் சுமார் இரண்டரை நொடி. கால் நன்றாக இருக்கிற சேஃப்டி, பந்து நகரும்வரை அசையாமல் நிற்கலாம். கால் தளர்ந்தவர் ஒரு நொடி முன்னாடியே கிளம்பியாக வேண்டும். அந்த ஒரு நொடிதான் குவார்ட்டர்பேக்குக்கு வேண்டியது. அவர் கிளம்புவதைப் பார்த்துவிட்டால் வேஷம் கலைந்தது. அதாவது, மூளை வேலை என்று நாம் பாராட்டுகிற வேஷத்துக்கு வாடகை கொடுப்பது கால்தான்.

கணினிக்காரர்களுக்கு ஒரு உவமை. செயலியில் பிராஞ்ச் பிரடிக்‌ஷன் என்று ஒன்று இருக்கிறது. அடுத்து எந்த வழியில் போகும் என்று முன்கூட்டி ஊகித்து, அந்த வேலையை ஆரம்பித்துவிடும். ஊகம் சரி என்றால் நேரம் மிச்சம். தப்பு என்றால் செய்ததையெல்லாம் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. வெடில் செய்வது இதுதான். வயதாக ஆக அவருடைய ஊகம் மோசமாகவில்லை. பார்த்தவரையில் இன்னும் கூர்மையானது. மோசமானது, தப்பான ஊகத்துக்குக் கட்டுகிற அபராதம். 26 வயதில் தப்பாக ஒரு அடி எடுத்து வைத்தாலும் ஓடிப்போய்ச் சரிசெய்துவிடுவார். 34-ல் அதே தப்புக்கு விலை டச்டவுன். அபராதம் ஏறினால் புத்தியுள்ளவன் குறைவாகத்தான் சூதாடுவான். 2018, 2019-ன் பூஜ்யங்களுக்கு அதிர்ஷ்டம் ஒரு காரணம் என்றால், இது இன்னொரு காரணமாக இருக்கலாம் என்பது என் வாசிப்பு. நிறையப் பந்துகளில் அவர் பாய்ந்து பறிக்கப் போகாமல், நின்று டேக்கிள் செய்வதையே தேர்ந்தெடுக்கிறார்.

2022 சொல்வது என்ன

இப்போது அந்த அதிசயத்துக்கு வருவோம். 2022 ஜனவரியில் ராம்ஸின் பின்வரிசை காயத்தால் ஓட்டை விழுந்து கிடந்தது. தற்காப்புக்குக் குரல் கொடுத்துவந்த சேஃப்டி ஜோர்டன் ஃபுல்லர் வழக்கமான சீசனின் கடைசி ஆட்டத்தில் காயப்பட்டு வெளியேறினார். தற்காப்புப் பயிற்சியாளர் ரஹீம் மோரிஸ் வெடிலைக் கூப்பிட்டார். வெடில் கடைசியாக ஆடியது 2019 டிசம்பரில். வந்த முதல் ஆட்டத்தில் கொஞ்ச நேரம்தான் ஆடவிட்டார்கள். இரண்டே வாரத்தில், சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிரான மாநாட்டு இறுதியில், ராம்ஸில் அதிக டேக்கிள் அவருடையது: 9. அதற்குமுன் தொடர்ந்து ஆறு முறை ராம்ஸைத் தோற்கடித்திருந்த அணி அது. 20–17 என்று ராம்ஸ் ஜெயித்தது.

சூப்பர் பவுலில் பச்சைப் புள்ளி ஒட்டிய ஹெல்மெட் வெடில் தலையில். தற்காப்பில் ஒரே ஒருவருக்கு மட்டும் பயிற்சியாளரின் குரல் கேட்கும் வானொலி அது. 2008-லிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. ஆட்டக் கடிகாரத்தில் 15 நொடி மிச்சமிருக்கும்போது இணைப்பு அறுந்துவிடும். அதற்குப் பிறகு எதிரணி என்ன மாற்றினாலும் களத்தில் இருக்கிறவர்தான் முடிவெடுக்க வேண்டும். சாதாரணமாக லைன்பேக்கர்களுக்குத் தருவதை, ஒரு மாசத்துக்கு முன் ஓய்வில் இருந்த மனுஷனிடம் கொடுத்தார்கள். ஆட்டத்தின்போது மார்புத் தசை கிழிந்தும் அவர் வெளியேறவில்லை. 23–20.

இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை: அந்த 15 நொடிக்கு அனுபவம்தான் தேவை, அதற்கு மாற்று கிடையாது. ஆனால் 2022-ல் நான் எழுதாமல் விட்டது மூன்று விஷயம்.

ஒன்று, ராம்ஸ் பெரும்பாலும் இரண்டு சேஃப்டிகளை ஆழத்தில் நிறுத்தி ஆடிய அணி. அதாவது 26⅔ இல்லை, 13⅓. வெடிலின் பலவீனத்தை அந்தத் திட்டம் வாசலிலேயே நிறுத்திவிட்டது. இரண்டு, முன்னால் ஆரன் டொனால்டும் வான் மில்லரும். சூப்பர் பவுலில் ஜோ பரோ ஏழு முறை சாக் ஆனார். குவார்ட்டர்பேக்குக்கு நேரம் கிடைக்காவிட்டால் சேஃப்டி ஓட வேண்டிய தூரமும் சுருங்கும். மூன்று, இது நாலே ஆட்டம். 17 ஆட்ட சீசனில் அந்த உடம்பு என்ன சொல்லியிருக்கும் என்பதற்கு அந்தக் கிழிந்த தசையே ஒரு குறிப்பு.

இதனால் அவர் செய்தது சின்னதாகிவிடாது. ஆனால் "அனுபவம் வேகத்தை வென்றது" என்பது பொய். வேகம் குறைவாகத் தேவைப்படுகிற ஓர் இடத்தில் அனுபவத்தை வைத்தார்கள். அந்தப் பாராட்டில் ஒரு பாதி ரஹீம் மோரிஸுக்குப் போக வேண்டும்.

அப்போ ரேவன்ஸ் செய்தது?

நியாயமாகச் சொன்னால், அவர்கள் முடிவு களத்தில் அவர்களைக் கெடுக்கவில்லை. வெடில் போன அடுத்த சீசனில் 14 வெற்றி, 2 தோல்வி, லீகிலேயே முதலிடம். ஏர்ல் தாமஸ் ஒரே வருஷம் ஆடி, 2020 ஆகஸ்டில் பயிற்சியில் நடந்த கைகலப்பைத் தொடர்ந்து வெளியே அனுப்பப்பட்டார். நடுவில் தற்காப்புக்குக் குரல் கொடுக்கும் பொறுப்பு, வெடிலோடு இரண்டு சீசன் ஒரே அறையில் உட்கார்ந்து படித்த சக் கிளார்க்கிடம் போனது. வெடிலை விடுவித்தது சரியா தப்பா என்கிற கேள்வியைவிட, அவர் செய்த வேலை யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பது சுவாரசியம். 2019-ல் நான் சொன்ன முடிவு தப்பில்லை, சொன்ன காரணம் தப்பு.

இனி ஒரு மூத்த சேஃப்டியைப் பார்க்கும்போது இன்டர்செப்ஷனை எண்ணுவதை நிறுத்திவிட்டு மூன்று விஷயம் பார்க்கப் போகிறேன். ஸ்னாப்புக்கு எத்தனை நொடி முன்னாடி கிளம்புகிறார்? அவருடைய திட்டம் அவரை எத்தனை கெஜம் ஓடச் சொல்கிறது? ஊகம் தப்பும்போது பின்னால் காப்பாற்ற யாராவது இருக்கிறார்களா? அடுத்து மினசோட்டாவின் ஹாரிசன் ஸ்மித்தின் பழைய ஆட்டங்களை இப்படிப் பார்க்க எடுத்து வைத்திருக்கிறேன்.

அந்தப் பையனிடம் இதன் வரைவைக் காட்டினேன். படித்துவிட்டு, "இப்போ பரவால்ல அண்ணா, பாதி வெடில், பாதி நீங்க" என்றான். அபராதத்தைப் பற்றிய பகுதியை மட்டும் இரண்டாவது தடவை படித்தான்.